பூனை டொக்டரும் இரண்டாவது ஊசியும்

மன்னார்க் கரையில் பேய்க்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடலுக்குப் பயப்படாதவர்கள் அதைவிடக் கூட. பூனை டொக்டருக்குப் பயப்படாத ஒரு ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கொரோனா ஓய்ந்த காலம். அரிப்புப் பக்கம் கடற்கரையோரமாக இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் கந்தோரில் நான் கிளாக்காக இருந்தேன். அங்கே அவர் மாற்றலாகி வந்த விதமே சரியில்லை. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் இல்லை, கதவுச் சத்தம் இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு மூச்சு மட்டும் வந்தது.

"தங்கச்சி, நான்தான் புது டொக்டர்."

கையிலிருந்த தேத்தண்ணி முழுவதும் மேசையில் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் மெலிந்து உயர்ந்த ஒரு அம்மா, இமைக்காமல் நிற்கிறார். காலில் மெத்தென்ற றப்பர்ச் செருப்பு. அவர் நடப்பது அவருக்குக் கீழே இருக்கிற மணலுக்குக்கூடத் தெரியாது. பூனை டொக்டர் என்ற பெயர் அதனால்தான் வந்தது. குரலோ, காற்றில் கடதாசி உரசுகிற மாதிரி. அதற்கு மேல் அந்தக் குரல் ஒருநாளும் எழும்பியதில்லை.

வந்த கிழமையே கதவுப் பிணைச்சல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட வைத்தார். வாசல் இரும்புப் படலையைப் பழைய சைக்கிள் ரியூப்பால் சுற்ற வைத்தார். வாசலில் இருந்த மணியைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்டினார். ஒருமுறை எங்கள் சிற்றூழியர் ஒரு தட்டத்தின் மூடியைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டார். டொக்டர் ஏசவில்லை. அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த மனுசன் அடுத்த நாள் காய்ச்சல் என்று லீவு எடுத்துவிட்டார்.

இப்படியே ஆஸ்பத்திரியில் கச்சான் காற்றின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை என்றாகிவிட்டது. நறுவிலிக்குளத்திலிருந்து தடிமனுக்கு மருந்தெடுக்க வந்த ஒரு ஆச்சி வாசலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டார்: "தம்பி, என்னை ஏனடா சவச்சாலைக்குக் கொண்டந்தனி?"

ஆனால் எங்களுக்கு உண்மையான பயம் விறாந்தையின் கடைசி அறை. அதன் யன்னல்களுக்கு டொக்டர் கறுப்புக் கடதாசி ஒட்ட வைத்திருந்தார். உள்ளே ஒரே ஒரு கட்டில். ஒருவரும் படுக்காத அந்தக் கட்டிலுக்கு ஒவ்வொரு நாளும் புது வெள்ளை விரிப்பு. மத்தியானத்தில், எல்லாரும் சாப்பிடப் போகிற நேரம், டொக்டர் தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்.

ஒருநாள் கையெழுத்துக்காக அவரைத் தேடிப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய குரல்.

"இண்டைக்குக் காயக்காரர் கொஞ்சப் பேர் வந்தவை. எல்லாருக்கும் போட்டாச்சு."

பிறகு, யாரோ பதில் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பது போல ஒரு அமைதி.

"ஓம். ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்."

கதவு திறந்தது. அவர் மட்டும் வெளியே வந்தார். அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் ஒருவரும் இல்லை. தலையணையில் மட்டும் ஒரு பள்ளம். அன்று பின்னேரம் வரைக்கும் நான் செபமாலையைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

யாருக்கு வெட்டுக்காயம் பட்டாலும் அவர் விடமாட்டார். உடம்பில் கட்டுப் போட்ட ஒரு ஆளை எங்கே கண்டாலும் கிட்டப் போய், முகத்துக்கு நேரே குனிந்து, "ஒருக்கா ஆவெண்டு காட்டுங்கோ" என்பார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் பெருவிரலில் துணி சுற்றியிருந்ததைக் கண்டு, படம் எடுக்கிறவருக்கு முன்னால் போய் வாய் திறக்க வைத்தார். அந்தப் படம் இன்றைக்கும் அந்த வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கோயிலில் ஒருநாள் நற்கருணை வாங்க முழந்தாளில் நின்ற ஒருவருக்குப் பக்கத்தில் போய் முழந்தாளிட்டார். சுவாமியார் வந்து சேர முன்னமே அந்த ஆள் வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏற்புவலி, அதுதான் ரெற்றனஸ், வந்தா முதல் பூட்டுறது தாடை, தங்கச்சி," என்று எனக்கு ஒருநாள் சொன்னார். "வாய் திறக்குதெண்டால் நேரம் இருக்கு."

இப்படிப்பட்ட ஆளிடம்தான் மரியதாஸ் அண்ணை வந்து மாட்டினார்.

மரியதாஸ் அண்ணை கரையில் மீனை ஏலம் கூறி விற்கிறவர். அறுபது தாண்டிய ஆள். அந்தக் கரையிலேயே பெரிய குரல் அவருடையது. அவர் பாரை மீனுக்கு விலை கூறினால் கடலில் நிற்கிற வள்ளக்காரருக்கு அன்றைய விலை தெரிந்துவிடும். கழுதைகள் படுக்கிற இடத்தில் மணலுக்குள் புதைந்து கிடந்த துருக்கம்பி ஒன்று அவருடைய உள்ளங்காலில் ஏறிவிட்டது. அவர் அதைப் பிடுங்கி எறிந்து, ஓட்டைக்குள் கோப்பித்தூளை அடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். கால் வீங்கின பிறகுதான் மனைவி திரேசம்மா அக்கா இழுத்துக்கொண்டு வந்தார்.

டொக்டர் காயத்தை விரித்துக் கழுவி, அழுகினதை வெட்டியெடுத்தார். பிறகு நிமிர்ந்தார். "இந்தக் கையில ஒரு ஊசி. மற்றக் கையில ஒரு ஊசி."

"என்னது?" மரியதாஸ் அண்ணையின் சத்தத்தில் வெளியே நின்ற சனம் முழுக்கத் திரும்பியது. "குத்தினது ஒரு கம்பி! அதுவும் காலில! நீங்கள் ஏன் ரெண்டு கையிலயும் குத்தப் போறியள்?"

டொக்டர் ஒரு கையில் குத்திக்கொண்டே சொன்னார்: "முதல் ஊசி உங்கட உடம்பை ஏற்போட சண்டை பிடிக்கப் பழக்கும். பழகக் கிழமைக் கணக்கில போகும். காயத்துக்குள்ள இருக்கிற கிருமி அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருக்காது. சின்ன வயசில தடுப்பூசி போட்டனீங்களோ?"

"ஊசிக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளெல்லாம் நான் கடலில நிண்டனான்!"

"அதுதான் ரெண்டாவது ஊசி. இது ஏற்கெனவே சண்டை பழகின ஆக்களின்ர இரத்தத்தில இருந்து எடுத்த எதிர்ப்புச் சத்து. போட்ட உடன வேலை துவங்கும். உங்கட உடம்பு பழகும் வரைக்கும் காவல் நிக்கும்."

மரியதாஸ் அண்ணையின் முகம் மாறியது. "ஆரின்ர இரத்தம்?"

"தெரியாது. கன பேரின்ர."

"உயிரோட இருக்கிற ஆக்களோ?"

டொக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். கொஞ்சம் யோசித்தார். "குடுக்கேக்க உயிரோடதான் இருந்திருப்பினம்."

அவ்வளவுதான். முதல் ஊசி மட்டும் ஏறின கையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளி மரியதாஸ் அண்ணை படலையைத் தாண்டிவிட்டார். "செத்த ஆக்களை எனக்குள்ள ஏத்தப் பாக்கிறியளோ!" என்ற குரல் ரோட்டு முடிவு வரைக்கும் கேட்டது.

அன்று மத்தியானம் நான் அந்த அறைப் பக்கம் வேண்டுமென்றே போனேன்.

"ஒருத்தர் ஓடிட்டார்," என்றது உள்ளே இருந்த மூச்சு. ஒரு நீண்ட அமைதி. "தெரியும். விடமாட்டன்."

எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லாத அந்த இரண்டாவது மருந்தை மன்னார்ப் பட்டினத்துக்கு ஆள் அனுப்பி ஐஸ் பெட்டியில் எடுப்பித்துக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். பின்னேரம் கரைக்குப் போனார். மரியதாஸ் அண்ணை கணவாய்க்கு விலை கூறிக்கொண்டே திரும்புகிறார், மீன் பெட்டிகளுக்குப் பின்னால் டொக்டர் நிற்கிறார். கோயிலில் பார்க்கிறார், தூணோடு டொக்டர். பொழுதுபடுகிற நேரம் வீட்டு வேலிக்கு வெளியே அசையாமல் டொக்டர். யாரைக் கண்டாலும் குரைக்கிற அவருடைய நாய், வாலைக் காலுக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டதாம். ஊசியைப் பற்றி டொக்டர் ஒரு சொல் சொல்லவில்லை. "ஒருக்கா ஆவெண்டு காட்டுங்கோ" என்பார். பார்ப்பார். "நாளைக்கும் வாறன்" என்று போய்விடுவார்.

ஒருநாள் மீன் ஏற்ற வள்ளத்தில் போன மரியதாஸ் அண்ணை வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தார். "கடலுக்குள்ள, வள்ளத்தின்ர முன் அணியத்தில டொக்டர் நிண்டவ. கண்ணாலை கண்டனான்."

அந்த நேரம் டொக்டர் என் முன்னால் கதிரையில் இருந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

சனம் மரியதாஸ் அண்ணையைக் கண்டால் விலகி நடக்கத் தொடங்கியது. சாவு ஆளுக்குப் பின்னால் நடக்கிறது என்று கதைத்தார்கள். திரேசம்மா அக்கா மட்டும் தெளிவாக இருந்தார். "அந்த ஊசியைப் போட்டுத் துலையுங்கோ. இல்லாட்டி அந்த மனிசியை வீட்டுக்குள்ள கூப்பிட்டுச் சோறு குடுக்கப் போறன்."

பிறகு அந்தப் பின்னேரம் வந்தது. கரையில் பெரிய கூட்டம். மரியதாஸ் அண்ணை விலை கூற வாயெடுத்தார். வாய் திறக்கவில்லை. கன்னத்தைக் கையால் பிடித்தார். பல்லுக்கு நடுவால் ஒரு முனகல் வந்தது. அலைச் சத்தம் மட்டும். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்ப, அங்கே டொக்டர் ஏற்கெனவே நடந்து வந்துகொண்டிருந்தார்.

கறுப்பு அறைக்குள்தான் கொண்டுபோனார். நான் ரோர்ச் பிடித்தேன்.

"முந்தி நான் வேலை செய்த இடத்தில ஒரு தச்சர்," என்றார் டொக்டர். "கையில ஆணி. ரெண்டாவது ஊசி வந்து சேரப் பிந்திப்போச்சு. ஏற்பு வந்தவருக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது. ஒரு மூடி விழுந்தாலும் உடம்பு வில்லு மாதிரி வளையும். எல்லாம் அவருக்கு விளங்கும். ஆனா கதைக்கேலாது. முகம் இழுத்துச் சிரிப்பு மாதிரி நிண்டுபோச்சு. பாக்க வந்த மகள் சந்தோசப்பட்டாள், அப்பா என்னைக் கண்டு சிரிக்கிறாரெண்டு. இப்பிடி ஒரு கட்டிலிலதான் அவற்ற உயிர் போச்சு."

மரியதாஸ் அண்ணையின் கண்ணால் தண்ணீர் ஓடியது.

"இப்ப இந்தத் தடியால தொண்டையைத் தொடுவன். ஏற்பெண்டால் பல்லு தடியைக் கடிச்சுப் பூட்டும்."

இறுகிய பல்லின் இடுக்கால் தடி மெல்ல உள்ளே போனது. அந்தக் கட்டிலில் எங்களோடு வேறு யாரோ இருந்து பார்த்துக்கொண்டிருந்ததாக எனக்கு அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

"உவ்வே!"

மத்தியானச் சோறும் சூடைமீன் குழம்பும் டொக்டரின் சேலையில்.

டொக்டர் குனிந்து தன்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய் விட்டு, கரகரத்த பெரிய குரலில், நிறுத்த முடியாமல் சிரித்தார். அப்படி ஒரு சத்தம் அந்த ஆளுக்குள் இருந்தது ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வார்ட்டில் சேலைன் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் போத்தலையும் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டார்.

"ஏற்பு இல்லை! பயத்தில தாடையை இறுக்கி வைச்சிருந்திருக்கிறியள்!"

மரியதாஸ் அண்ணை ஏற்கெனவே சேட்டுக் கையைச் சுருட்டியிருந்தார். "போடுங்கோ டொக்டர். செத்த ஆக்களின்ரயெண்டாலும் பரவாயில்லை."

ஊசி ஏறியது. கால் ஆறியது. மிச்சத் தடுப்பூசிகளையும் ஒழுங்காக வந்து போட்டார். ஏற்பு வரவில்லை. வராதபடியால் குரலும் பழையபடி திரும்பிவிட்டது. "எனக்கு ஒண்டும் வரேல்லை! அந்த ஊசி சும்மா வீண்!" என்று மீனுக்கு நடுவில் அதையும் கூறி விற்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. டொக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"சொல்லட்டும் தங்கச்சி," என்றார். "ஒண்டும் வராத ஆள்தான் அப்பிடிச் சத்தம் போடலாம்."

அடுத்த வருஷம் டொக்டருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப நானும் மரியதாஸ் அண்ணையும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனோம். அண்ணை தன் அளவுக்குப் பெரிய ஒரு பாரை மீனை ஐஸ் போட்டுச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் இருந்த டொக்டரின் மடியில் வைத்தார். கரையில் வந்த நல்ல மீன், விலை கூறாமல் எடுத்து வைத்தது என்றார். டொக்டர் இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

நான் யன்னலோரம் போய்க் குசுகுசுத்தேன். "டொக்டர், நீங்கள் பிறந்ததிலயிருந்து மீன் மச்சம் தொட்டதில்லையே?"

"அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

பஸ் வெளிக்கிட்டது. ஐஸ் உருகி அவருடைய சேலையில் சொட்டத் தொடங்கியிருந்தது. கொழும்பு வரைக்கும் அப்படியே போயிருப்பார்.

"வடிவாக் காய்ச்சிச் சாப்பிடுவா, என்ன?" என்று கேட்டார் மரியதாஸ் அண்ணை.

"ஓம் அண்ணை. டொக்டருக்கு மீனெண்டால் உயிர்."

பஸ் மறைந்த பிறகும் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும்தான்.