விரல் தாங்கிய பால்

என்னிடம் ஒரே ஒரு குறைதான். எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை வெளியே அனுப்பிவிட்டது (நானே வந்துவிட்டேன் என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன்). உப்பளத்தில் வேலை பார்த்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, இன்று கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் ஏற்றிவிடும் முதலாளி நான். தூத்துக்குடி மில்லர்புரத்தில் மாடி வீடு, பின்னால் இரண்டு பசுக்கள். எல்லாவற்றுக்கும் காரணம் என் வலது ஆட்காட்டி விரல். உப்புப் பாத்தியில் விட்டால் உப்பு விளைவது இன்றைக்கா நாளைக்கா என்று சொல்லும். மீனை அமுக்கினால் எப்போது பிடித்தது என்று சொல்லும். அந்த விரல்தான் என் மகள் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஒருமுறை வெளிநாட்டுக் கப்பல் ஒன்றில் சமையல்காரர் எனக்கு ஒரு தம்ளர் பால் கொடுத்தார். காய்ச்சியதா என்று சைகையில் கேட்டேன். பொங்கவிடக் கூடாது, கொஞ்சமாகச் சூடு பண்ணினால் போதும் என்று கையாலேயே சொன்னார். பிறகு பாத்திரத்தில் செருகியிருந்த ஒரு கம்பியைத் தட்டிக் காட்டினார், கைக்கடிகாரத்தையும் தட்டினார். நேரமாச்சு, இறங்கு என்கிறார் போல என்று இறங்கி வந்துவிட்டேன். (பாதிப் பாடம் கப்பலிலேயே போய்விட்டது.)

என் மகள் பிலோமி பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவள் விரும்பிய பையன் சாமுவேல், நாசரேத்துப் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் மகன். நாங்கள் மாதா கோயில், அவர்கள் வேறு சபை. ஒரு வருட இழுபறிக்குப் பிறகு அந்தத் தலைமையாசிரியர் எங்கள் வீட்டுக்கு வரச் சம்மதித்தார். அவர் சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

படித்தவர் முன்னால் நான் குறைந்துவிடக் கூடாதே! அவர் வரும் நாளன்று காலை ஒன்பது மணிக்கு நானே அடுப்படியில் இறங்கினேன்.

"ஏங்க, பால் இன்னும் பொங்கலையே, அதுக்குள்ள இறக்கிட்டிய?" என்றாள் என் மனைவி.

"பொங்குனா சத்து செத்துரும்ளா. கப்பக்காரனே காய்ச்ச மாட்டான், தெரியுமா?"

விரலை விட்டுப் பார்த்தேன். சுகமாக இருந்தது. குங்குமப்பூவும் பனங்கற்கண்டும் போட்டு மூடி வைத்தேன்.

மாடியிலிருந்து பிலோமி கத்தினாள்: "யப்பா, பால நல்லாக் காய்ச்சினியளா?"

"ஏளா, நீ பொறக்கதுக்கு முன்னாலயே பால் குடிச்சவன் நான்!"

(கேள்விக்கு இது பதில் இல்லை என்று இப்போது தெரிகிறது.)

அவர்கள் வரும்போது மணி பன்னிரண்டு. தலைமையாசிரியர் தம்ளரை வாங்கியதும் நான் பாடம் எடுத்தேன்: "சார், இதுல கிருமி மட்டும் செத்துருக்கு. சத்து உயிரோட இருக்கு."

மரியாதைக்காக அவர் இரண்டாவது தம்ளரும் குடித்தார். சாமுவேலும் குடித்தான். நான் நாலு தம்ளர். எழுந்திருக்கும்போது அவர், "பதில நாளைக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றார்.

மறுநாள் காலை பதில் வந்தது, மூன்று பேர் வயிற்றிலிருந்தும் ஒரே நேரத்தில். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த கட்டில். இருவர் கையிலும் குளுக்கோஸ். மூன்றாவது கட்டிலில் மாப்பிள்ளை தலையோடு போர்த்திக்கொண்டு கிடந்தான்.

பிலோமி வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"எவ்வளவு சூடு வச்சிய?"

"விரல் தாங்குற சூடு."

"விரல் தாங்குன சூட்டக் கிருமி தாங்காதாப்பா? அறுபத்து மூணு டிகிரில அரை மணி நேரம் நிறுத்தி, உடனே குளிர வைக்கணும். நீங்க கிருமிய வென்னில குளிப்பாட்டி, மூணு மணி நேரம் மூடி வச்சு, பிள்ளை குட்டியோட அனுப்பி வச்சிருக்கிய!"

அப்போதுதான் கப்பல்காரர் தட்டிய கம்பியும் கடிகாரமும் எனக்கு விளங்கின. நாற்பது வருடப் புகழோடு என் விரல் போர்வைக்குள் போய் ஒளிந்தது. மகள் அழுகையை அடக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள்.

தலைமையாசிரியர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். "அண்ணாச்சி, நீங்க சொன்ன சத்து பூரா வெளிய போயிட்டு."

"மன்னிச்சிருங்க சார். எம் பேர்லதான் தப்பு. பிள்ளைய வேண்டாம்னு சொல்லிராதிய."

(என் வாழ்க்கையில் முதன்முதலாகத் தப்பை ஒத்துக்கொண்டது அன்றுதான். குளுக்கோஸ் ஏறிய மயக்கம் என்று பிறகு சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் நம்பவில்லை.)

அவர் பிலோமியைப் பார்த்தார். "இப்படி ஒரு அப்பா இருக்குத வீட்டுல இந்தப் பிள்ள இத்தன வருசம் உயிரோட இருந்திருக்கு. கெட்டிக்காரி. எங்க வீட்டுக்கு வரட்டும். ஆனா கல்யாணத்தன்னிக்கு அண்ணாச்சி அடுப்படிப் பக்கம் வரப்பிடாது."

போர்வைக்குள்ளிருந்து சாமுவேல், "ஆமென்" என்றான்.

கல்யாணத்தில் அவன் எனக்குக் கொடுத்த பரிசு, பாலில் விட்டுச் சூடு பார்க்கிற கம்பி. மற்ற முதலாளிகள் பேனா குத்துகிற சட்டைப்பையில் நான் அதைக் குத்தியிருக்கிறேன். தூத்துக்குடியிலேயே அப்படித் திரியும் முதல் ஆள் நான்தான், குறித்துக்கொள்ளுங்கள்.

இன்றும் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தால் தம்ளரை உடனே வாயில் வைக்க மாட்டார். எல்லோரும் கேட்கிற மாதிரி, "அண்ணாச்சி, விரலா, கம்பியா?" என்பார். நான் எழுந்து நின்று "கம்பி" என்று சொல்ல வேண்டும்.

நேற்று நான் அவருக்குக் கொடுத்தது பச்சைத் தண்ணீர். அதற்கும் கேட்டார்.