போணி நேரத்து விலைவாசி

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது. எல்லாக் காட்டிலும் இருப்பதுதான், தூங்கிக்கொண்டிருந்தது. அதை விடுங்கள். நம் கதை பரிமளம் என்ற எருமையைப் பற்றியது.

பரிமளம் அரசாங்க வண்டி இழுத்து ஓய்வு பெற்றவள். மாதம் ஒரு கூடை நெல்லிக்காய் பென்ஷன். அந்தக் காட்டில் நெல்லிக்காய்தான் காசு. சேவைகளின் விலை எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அவ்வளவு கூடையிலும் வருஷா வருஷம் ஏற்றுவார்கள். ஏற்றுவார்கள் என்று பேர். கூடை அப்படியே இருந்தது. கொக்குதான் உண்ணி பொறுக்கும் கூலியை ஏற்றிக்கொண்டே போனது. உண்ணியைத் தின்பதும் அதுதான், அதற்குக் கூலி கேட்பதும் அதுதான். இதை யாரும் தட்டிக் கேட்டதில்லை, ஏனென்றால் யாருக்கும் தன் முதுகு எட்டாது.

கட்டுப்படியாகாமல் பரிமளம் முதலில் வாலில் பொறுக்கச் சொல்வதை விட்டாள், பிறகு வயிற்றில். இப்போது காதுக்கு வந்துவிட்டது. காதில் உண்ணி ஏறினால் எருமைக்குத் தூக்கம் போகும், அப்புறம் காதே போகும். இந்த வருஷமும் கூடை ஏறவில்லை என்றால் காதைக் கைகழுவ வேண்டியதுதான்.

நேரே விலைவாசி அளக்கும் கீரியிடம் போனாள். பெயர் அனந்தகிருஷ்ணன். வெளிக்காட்டில் படித்தவர், கண்ணாடி போட்டவர், எதிரில் நிற்பவரை உட்காரச் சொல்லும் பழக்கம் இல்லாதவர். சேவை விலை இந்த வருஷமும் ஏறவில்லை என்றார். குட்டை வாடகை இரண்டு மடங்கு ஆகிவிட்டதே என்று பரிமளம் கேட்டாள்.

"வாடகையைச் சேர்க்கறதில்லைம்மா. அது ரொம்பக் குதிக்குது. குதிக்கறதைச் சேர்த்தா நிஜ நிலவரம் தெரியாது."

"அப்ப நான் குடியிருக்கறது நிஜமில்லையா சார்?"

"அது வேற கணக்கு."

அந்த வேற கணக்கு யாரிடம் இருக்கிறது என்று கீரிக்கும் தெரியவில்லை.

சரி, கொக்கு பத்து நெல்லிக்காய் வாங்குகிறதே என்றாள். கீரி சிரித்தார். நாலுதான், மாதா மாதம் நானே நேரில் போய்க் கேட்கிறேன், வாலைக் காட்டி வேலையும் முடித்துக்கொண்டு வருகிறேன் என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் விடியலில் பரிமளம் அவர் பின்னாலேயே போனாள். ஆற்றங்கரையில் கொக்கு அப்போதுதான் சிறகை உதறிக் கடை திறந்தது. கீரி விலை கேட்டார். கொக்கு அவரை ஒரு பார்வை பார்த்தது.

"போணி நேரம். நாலு குடுங்க சார், போதும்."

பரிமளத்துக்கு விளங்கிவிட்டது. முதலில் வந்த ஆள் விலை கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்ட வேண்டும் என்பது அந்தக் காட்டுக் கடைக்காரர்களின் நம்பிக்கை. அதனால் போணிக்கு மட்டும் விலையைக் குறைத்துவிடுவார்கள். வெயிலுக்குப் பயந்த கீரி எப்போதும் விடியலில்தான் அளப்பார். முடி வெட்டும் குரங்கு, ஆறு கடத்தும் ஆமை, டியூஷன் எடுக்கும் கிளி என்று நாளுக்கு ஒரு கடை. எல்லாக் கடையிலும் அவர்தான் போணி.

மத்தியானம் ஒருமுறை வந்து பாருங்கள் என்றாள். முறையை மாற்றினால் பழைய எண்களோடு ஒப்பிட முடியாது என்றார். சரி, முறை அப்படியே இருக்கட்டும் என்று பரிமளம் விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் கீரி கொக்கிடம் வருவதற்கு முன்பே அவள் போய் நின்று காதைக் காட்டினாள். நாலு நெல்லிக்காயில் வேலை முடிந்தது. பின்னால் வந்த கீரியிடம் கொக்கு பத்து கேட்டது. போன மாதம் நாலுதானே என்று அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"அது போணி சார். இன்னிக்குப் போணியை அம்மா பண்ணிட்டாங்க."

அப்புறம் எந்தக் கடைக்குக் கீரி போனாலும் அங்கே பரிமளம் முன்னால் நின்றாள். இல்லாத முடியை வெட்டிக்கொண்டாள். நீந்தத் தெரிந்தும் ஆமை மேல் ஏறி ஆற்றைக் கடந்தாள்; ஆமை பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கிளியிடம் வாய்ப்பாடு படித்தாள். சேவை விலை ஒரே மாதத்தில் இரண்டரை மடங்கு ஆனது.

கூடை ஏறப்போகிறது என்று காத்திருந்தாள். உத்தரவு வாங்கச் சிங்கத்தை எழுப்பினார்கள். எது இப்படிக் குதித்தது என்று அது கேட்டது. உண்ணி பொறுக்குவது என்றார் கீரி.

"அப்ப வாடகை மாதிரி அதையும் எடுத்துடு."

எடுத்தார்கள். முடிவெட்டுக் கூலியும் குதித்திருந்தது, அதையும் எடுத்தார்கள். ஆமை போனது, கிளி போனது. கடைசியில் மிஞ்சியது சில்வண்டின் பாட்டு ஒன்றுதான். அது இலவசம். சேவை விலை துளியும் ஏறவில்லை என்று மயிலை விட்டு அறிவித்துவிட்டுச் சிங்கம் மறுபடி படுத்தது.

ஒரு கூடையும் ஏறவில்லை. கீரியின் சம்பளக் கூடையும் அதே கணக்கில்தான் ஏற வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் விடியலில் அவர் மூச்சு வாங்க ஓடி வந்தபோது, கொக்கின் எதிரில் பரிமளம் நின்றிருந்தாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் நான் முன்னாடி நின்னுக்கட்டுமா? பத்து குடுத்துக் கட்டுப்படியாகலை."

காதில் உண்ணி இல்லாததால் பரிமளத்துக்கு நன்றாகவே கேட்டது. அசையவில்லை.

"விலைதான் ஏறலையே சார். பின்னாடி நில்லுங்க."

நீதி: விலைவாசி ஏறுவதே இல்லை, நீங்கள்தான் லேட்டாக எழுந்திருக்கிறீர்கள்.