பெயிண்டர் வந்து போன கதை

"அந்தப் பெட்டில மட்டும் கையை வைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை பெயிண்டர் வந்து அதுல குருவி வரையப் போறாரு" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள் டீச்சர்.

அவள் கணவர் சர்வேயருக்குச் சுருக்கென்றது. ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளக்கிற மனுஷன். சொந்த வீட்டில் அவரை நம்பி ஓர் ஆணி கொடுப்பதில்லை. இன்றைக்குக் காட்டிவிடுவது என்று ஆபீசுக்கு லீவு சொன்னார்.

பெட்டி என்றால் மூன்று இழுப்பறை வைத்த மரப்பெட்டி. டீச்சரின் அண்ணன் தன் கையால் இழைத்துக் கொடுத்தது. அதில் ஒரு கீறல் விழுந்தாலே வீட்டில் இரண்டு நாள் மௌன விரதம்.

ஃபைல் அட்டையில் குருவி வரைந்து, பிளேடால் வெட்டி எடுத்தார். ஓட்டை மேல் பெயிண்ட் தடவினால் குருவி. அவ்வளவுதான் வித்தை! அட்டையை முதல் இழுப்பறையில் ஒட்டினார். பிரஷ்ஷைப் பச்சையில் முக்கித் தாராளமாகத் தடவினார். தாராளம்தான் வினை. பெயிண்ட் அட்டைக்கு அடியில் புகுந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் குருவி கோழியாகியிருந்தது.

கோழியும் பறவைதானே? அடுத்த குருவி எதிர்ப்பக்கம் பார்க்கட்டும் என்று அட்டையைத் துடைக்காமல் திருப்பி இரண்டாவது இழுப்பறையில் வைத்தார். மேலே இருந்த ஈரமெல்லாம் மரத்தில் அப்பிக்கொண்டது.

பக்கத்து வீட்டு டெய்லர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பூசணிக்காயா? தத்ரூபமா இருக்கு!"

"குருவிய்யா!"

"எங்கே? பூசணிக்காய்க்குப் பின்னாலயா?"

ஜன்னலை அறைந்து சாத்தினார் சர்வேயர். துணியால் துடைத்தார். பூசணி கொடி விட்டு மூன்றாவது இழுப்பறை வரை படர்ந்தது. மணி நாலே முக்கால். ஐந்துக்கு அவள் வந்துவிடுவாள். துணியையும் பிரஷ்ஷையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கையை மூன்று முறை கழுவினார். சட்டை மாற்றி, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டீச்சர் வந்தாள். பெட்டியையும், அதன் மேல் இரண்டு பக்கமும் பச்சை அப்பிக் கிடந்த அட்டையையும் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"பெ... பெயிண்டர் இன்னைக்கே வந்துட்டாரு."

"அப்படியா? இது என்ன, தவளையா?"

"குருவின்னு சொன்னாரு."

"சொன்னாத்தான் தெரியுது. கண்ணு தெரியாதவரோ?"

"இருக்கும்."

"எந்த முட்டாளாவது அட்டையைத் துடைக்காம திருப்பி வைப்பானா?"

"சுத்த முட்டாள்."

"கொஞ்சமாவது மூளை வேண்டாம்?"

"துளி கூட இல்ல."

"நீங்க பக்கத்துல இருந்து பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"நான் சொன்னேன். கேக்கல. திமிரு பிடிச்ச ஆளு."

டீச்சர் நிதானமாகப் பையை மாட்டிவிட்டு வந்தாள். முகத்தில் கோபமே இல்லை. சர்வேயருக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"சரி விடுங்க, பாவம். அந்த ஆளையே ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. மூணு இழுப்பறையையும் உப்புக் காகிதம் போட்டுத் தேச்சு, பழையபடி வெறும் மரமாக்கிக் குடுத்துட்டுப் போகட்டும்."

"சொல்றேன், சொல்றேன்" என்றார் சர்வேயர், அவசரமாக.

"அப்படியே, வரும்போது காதுல இருக்கற பச்சைப் பெயிண்டையும் கழுவிட்டு வரச் சொல்லுங்க."