காத்திரு என்று ஓர் அட்டை

மதிப்பிற்குரிய சின்ன மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் நலம். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்பதால், உங்கள் நலத்தை இந்தக் கடிதத்தில் விசாரிக்கவில்லை.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த தெருவில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோன் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. காலையில் நேரில் சொல்லலாம் என்றால், நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் உங்கள் வீட்டுக் கதவை இடித்தாலும் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள். அதனால் இதைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போவேன். ஒன்பதரைக்குள் படித்துவிடுங்கள். பத்து மணிக்கு ஒருவருடைய வேலை போகப்போகிறது.

என் பிறந்தநாளுக்கு நான் கேட்டது என்ன, நீங்கள் வாங்கி வந்தது என்ன? ஒளிந்து ஒளிந்து போகும் அந்த வீடியோ விளையாட்டின் நான்காம் பாகத்தைக் கேட்டேன். முதல் மூன்று பாகத்திலும் நம் ஆள் பூனை மாதிரி தவழ்ந்து, காவலாளியின் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் போவான். நீங்கள் வாங்கி வந்ததிலும் அதே ஆள், அதே கறுப்புக் கோட்டு. ஆனால் அவன் நகரவே மாட்டான். கையில் ஆறு அட்டை கொடுப்பார்கள். நடக்க ஓர் அட்டை, குனிய ஓர் அட்டை, கதவைத் திறக்க ஓர் அட்டை. இரண்டடி தள்ளிக் காவலாளி தும்முகிறான், நம் ஆளோ கதவு அட்டை வரவில்லையே என்று ரேஷன் வரிசையில் நிற்பவன் மாதிரி நிற்கிறான். இதில் "காத்திரு" என்று வேறு ஓர் அட்டை. அதைப் போட்டால் அவன் சும்மா நிற்பான், அவ்வளவுதான். சும்மா நிற்பதற்கு ஓர் அட்டையா மாமா? எதற்கும் உதவாத அட்டை அது. கடைக்காரர் "ரெண்டும் ஒரே கதைதான் சார்" என்றாராம், நீங்களும் தலையாட்டிவிட்டு வந்தீர்களாம்.

பிடிக்காவிட்டால் விட்டிருக்கலாமே என்பீர்கள். மூன்றாவது கட்டத்தில் பதினேழு முறை தோற்ற பிறகு எப்படி விடுவது? அம்மா ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் டிவியைக் கொடுக்கிறாள். மற்ற நாளில் பழக வேண்டும் என்றால் நிஜ அட்டை வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு அப்பாவின் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தபோது, பல் டாக்டருக்கு அடித்த ஆயிரம் அட்டைகள் பெட்டியில் இருந்தன. முன்பக்கம் அவர் பெயரும் ஃபோன் நம்பரும். பின்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஐம்பதை எடுத்து விளையாட்டில் உள்ளபடியே ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். மேசையில் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தபோது அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. நின்ற இடத்தில் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பதுதான் மூன்று பாகத்திலும் முதல் பாடம். ஐம்பதையும் பொறுக்கி அந்த ஆயிரத்துக்குள்ளேயே செருகிவிட்டேன். அட்டையை ஒளிக்க அட்டைப் பெட்டியைவிட நல்ல இடம் உண்டா? அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் பெட்டியே இல்லை, டாக்டரிடம் போய்விட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் டாக்டர் ஃபோன் செய்தார். பல் பிடுங்க நாள் குறித்துக்கொண்ட ஒரு பெரியவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தாராம். "சத்தமில்லாமல் பின்னால் வந்து கழுத்தைப் பிடித்து மயக்கமாக்கு" என்று இருந்ததாம். மனிதர் செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார். அடுத்து வந்த ஓர் அம்மாவின் அட்டையில், "மயங்கியவனை இழுத்துப்போய் அலமாரியில் ஒளித்துவை." அந்த அம்மா அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லி நின்றாராம்.

அப்பா யாரைப் பிடித்தார் தெரியுமா? அட்டைகளை வெட்டிக் கட்டி அனுப்பிய கட்டிங் அண்ணனை. எனக்கு மிச்சக் காகிதத்தில் நோட்டுத் தைத்துக் கொடுப்பாரே, அவரை. நான் காகிதக் கட்டுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ஏன்யா, ஆயிரம் கார்டு கட்டினியே, ஒன்னையாவது திருப்பிப் பாத்தியா?"

"பின்பக்கம் வெறும் பக்கம்தானே முதலாளி. அதுல என்னத்தப் பாக்குறது?"

"அந்த வெறும் பக்கம்தான் இப்ப ஊரெல்லாம் பேசுது. வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் கார்டோட வர்றார். அதுக்கப்புறம் நீ இங்க இருக்கிறதா வேண்டாமான்னு பாக்கலாம்."

அன்றிலிருந்து கட்டிங் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிப்பதுகூட இல்லை. அப்பாவோ தினமும் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாவம், ரெண்டு குழந்தைங்க அவனுக்கு. என்ன பண்றது" என்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா வயிற்று மருந்து கொடுக்கிறாள். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன், மூன்று முறையும் கொட்டாவி விட்டு மூடிக்கொண்டேன்.

நாளை டாக்டர் வந்தால் அப்பா என் கையெழுத்தைப் பார்ப்பார். அதற்கு முன்னால் நீங்கள் போய், "நான்தான் எழுதினேன் அத்தான்" என்று சொல்லிவிட வேண்டும். உங்களை அவர் வேலையை விட்டு அனுப்ப முடியாது, உங்களுக்குத்தான் வேலையே இல்லையே. இது உதவி இல்லை மாமா, நியாயம். நான்காம் பாகத்தை வாங்கி வந்திருந்தால் நான் அட்டையைத் தொட்டிருப்பேனா?

பெரியவர்கள் கடிதத்தின் முடிவில் ஆசீர்வாதம் எழுதுவார்கள். நான் சின்னவள், அதனால் உங்களுக்கு நாளை ஒரு நாளாவது சீக்கிரம் விழிப்பு வரட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடப் பையில் வைக்கக் கூடத்துக்குத் தவழ்ந்து போனேன். சாப்பாட்டு மேசைக்கு அடியில் நுழைந்தபோது எதிரே இரண்டு கால்கள் இருந்தன. அப்பாவுடையவை. இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தவழ்வதற்கு வேறு இடம் இல்லை. எப்படி வந்தது என்று தெரியாது, "அப்பா, கட்டிங் அண்ணனை அனுப்பாதீங்க. எழுதினது நான்தான்" என்று மேசைக்கு அடியிலிருந்தே சொல்லிவிட்டேன். மேலிருந்து ஒரு கை ஓர் அட்டையை நீட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். என் கையெழுத்து: "காத்திரு."

"திங்கக்கிழமை ராத்திரியே டாக்டர் பெட்டியோட திருப்பி அனுப்பிட்டார். கையெழுத்து தெரியாதா எனக்கு? கட்டிங் அண்ணனுக்கு அன்னைக்கே சொல்லிட்டேன், மூஞ்சிய மட்டும் தொங்கப் போட்டுக்கிட்டு இருய்யான்னு. நீயா வந்து சொல்ற வரைக்கும் இருக்கலாம்னு பாத்தேன். மூணு ராத்திரியா இந்த நாற்காலியில என் முதுகு போச்சு. வெளிய வா."

காலையில் நான் டாக்டரிடமும் கட்டிங் அண்ணனிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் தூங்கலாம். ஆனால் மேலே ஓர் அட்டையை எதற்கும் உதவாதது என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும்.