மேற்குச் சரிவுக்கும் ஒரு மூட்டை

கன்னநாட்டில் வெயில் அடித்ததே இல்லை. வாசற்கதவு திறக்கும்போது மட்டும் வெளிச்சம் வரும். அங்கே ஒரே சட்டம்: குறித்த நாளில் ஒருவர் போக வேண்டும், அவர் இடத்துக்கு ஒருவர்தான் வர வேண்டும், யாரும் வேலி தாண்டக் கூடாது.

மேற்குச் சரிவில் இருந்த பவழத்துக்குத் தன் ஓரகத்தி வச்சிரத்தை நினைத்தாலே வயிறு எரியும். மாமன்னர் தினமும் இறக்கும் மூட்டை, வச்சிரம் வாழும் கிழக்குச் சரிவில்தான் இறங்கும். புகையிலை, சீவல், சுண்ணாம்பு. அது பட்ட தரை முதலில் எரிந்தது, பிறகு வெள்ளையாகப் படர்ந்தது. "பளிங்குத் தரை" என்று அரசிதழ் எழுதியது. பவழம் தன் சிவந்த தரையைப் பார்த்துக் குமைந்தாள்.

வச்சிரம் போக வேண்டிய நாள் வந்தது. அவள் போகவில்லை. ஒரு வீடு இருந்த இடத்தில் எட்டு வீடு கட்டினாள். விசாரிக்க வந்த காவலர்களை அமைச்சர் தாடையப்பர் தடுத்தார்.

"இதற்குப் பெயர் குற்றமல்ல, வளர்ச்சி. வளர்ச்சியைக் கேள்வி கேட்பவர் நாட்டின் எதிரி."

அடுத்த ஆணையில் ஓடைகள் கிழக்குக்குத் திருப்பப்பட்டன. அதற்கடுத்த ஆணையில், பாதுகாப்புக் கருதி, வாசற்கதவு இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்காது என்றார்கள். சோறு வருவது குறைந்தது. மூட்டை மட்டும் எப்படியோ நுழைந்துவிடும்.

"என்னடி பவழம், இப்படி வத்திப்போயிட்ட?" வேலிக்கு அப்பாலிருந்து வச்சிரம் கேட்டாள்.

"நீங்க ஊதிப்போயிட்டீங்களேக்கா, அதான். சட்டப்படி நீங்க எப்பவோ போயிருக்கணும்."

"சட்டமா? அது மூட்டை வராதவங்களுக்குடி. நான் கழுத்தூர் வரைக்கும் ஆள் அனுப்பி வீடு போட்டுட்டேன், தெரியுமா?"

அந்தப் பேச்சு பவழத்துக்கு முள்ளாகத் தைத்தது.

"ஓடையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளு" என்றார்கள் மேற்குச் சரிவின் மக்கள். வறண்ட நாக்கோடு அமைச்சர் முன் போய் நின்ற பவழம் கேட்டது வேறு. "எங்களுக்கும் மூட்டை வேணுங்க."

"தண்ணீர் கேட்காமல் மூட்டை கேட்டாயே, அதுதான் நாட்டுப்பற்று!" என்று தாடையப்பர் கண் கலங்கினார்.

மறுநாள் வாசல் திறந்தது. மூட்டை கிழக்கே போகவில்லை, மேற்கே திரும்பியது.

"பாத்தீங்களாக்கா!" என்று வேலிப்பக்கம் கத்தினாள் பவழம்.

அப்போது மாமன்னரின் குரல் நாடெங்கும் முழங்கியது. புதிய ஆணை என்று எண்ணி எல்லோரும் தலைகுனிந்து கேட்டார்கள்.

"அந்தப் பக்கம் புண்ணு ரெண்டு மாசமா ஆறவே மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் அதக்கிக்குவோம்."

மேற்குச் சரிவு முழுவதும் கைதட்டியது.