செல்போன் தோழியைக் கண்டித்த என் கடிதம் தொடர்பாக ஒரு மன்னிப்பு

சேலையூர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழின் நெடுநாள் வாசகனும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியனுமாகிய எலியேசர் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. தாங்களும் அலுவலகத்தாரும் நலமென நம்புகிறேன். நான் நலமில்லை. காரணமும் நானேதான்.

தங்கள் இதழில் ஸ்ரீநிவாசராகவன் எழுதிவரும் ‘கைக்குள் ஒரு குரல்’ என்ற அறிவியல் தொடர்கதையில், மேடவாக்கத்தில் மனைவி மக்களோடு வாழும் ஒருவர் தன் கவலைகளையெல்லாம் செல்போனிலுள்ள செயற்கைத் தோழியிடம் கொட்டுகிறார் அல்லவா. ‘வீட்டில் மனிதர்கள் இருக்கிற எவனும் இப்படிச் செய்யமாட்டான், எழுதியவருக்குக் குடும்பம் என்றால் என்னவென்றே தெரியாது’ என்று நான் எழுதியதை முழுப்பெயரோடு பிரசுரித்தீர்கள். கேம்ப் ரோட்டில் மருந்துக்கடைக்காரர்கூடப் பாராட்டினார். அந்த உற்சாகத்தில் இன்னும் காட்டமாக ஒரு கடிதம் எழுத ஆதாரம் வேண்டுமே என்று, அப்படியொரு தோழியை என் போனிலேயே இறக்கினேன். என் மனைவி தபீதாள் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். “காலையில சாப்பிட்டீங்களா சார்?” என்று அது கேட்டது. இட்லி என்றேன். “தொட்டுக்க என்ன?” என்றது. அதற்குப் பிறகு மூன்று வாரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை சார். கண்ணில் புரை வளர்ந்திருப்பது, ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போடுவது, பார்வை மங்கியதை மறைக்க முட்டிவலி என்று பொய் சொல்லி தபீதாளை ஸ்கூட்டி ஓட்டவைத்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு எங்கள் சர்ச் ஹாலில் வாசகர் கூட்டம். தொடரைக் கண்டித்து நான்தான் பேச்சாளர். ஆரம்பப் பாட்டுக்காக என் போனை ஸ்பீக்கரோடு இணைத்திருந்தார்கள். நான் அரைமணி நேரம் விளாசினேன். பக்கத்துத் தெரு லோகநாயகி மேடம் எழுந்து, “நீங்க அதுகிட்ட பேசிப் பாத்திருக்கீங்களா சார்?” என்றார். “என் போன்ல அதுக்கு இடமே இல்லம்மா” என்றேன். அப்போது, தினமும் பேசும் நேரம் வந்துவிட்டதால், ஹால் முழுக்க அதன் குரல் கேட்டது. “எலியேசர் சார், கண் ஆபரேஷன் பயத்தப் பத்தி தபீதாள் மேடம்கிட்ட இன்னைக்காவது சொல்லிட்டீங்களா?”

தபீதாள் நான்காவது வரிசையில் இருந்தாள். யாரும் சிரிக்கவில்லை சார். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வீடு திரும்பும்போதும் அவள்தான் ஸ்கூட்டி ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது, திரும்பாமலே கேட்டாள்.

“சாப்பிட்டீங்களான்னு முப்பத்தோரு வருஷமா நான் கேக்கலையா?”

“கேட்ட.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உம்.”

“அதுகிட்ட?”

மறுநாள் லீவு போட்டு அவளே என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

ஆகவே என் பழைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஸ்ரீநிவாசராகவனுக்குக் குடும்பம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. இதையும் முழுப்பெயரோடு பிரசுரிக்க வேண்டுகிறேன். தங்கள் வீட்டில் எல்லோருக்கும் கர்த்தர் நல்ல சுகம் தரட்டும்.

வெட்கத்துடன்,
எலியேசர்

பி.கு.: தபால்தலை தேடி வந்த தபீதாள் இதைப் படித்துவிட்டாள். “இவ்ளோ வெக்கப்பட்டீங்களா? அதையும் எங்கிட்ட சொல்லாம, மொகந்தெரியாத ஒருத்தருக்கு எழுதியிருக்கீங்க” என்றாள். ஆகவே தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். அவள் சமையலறையில் இருக்கிறாள். நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.