செவலை தீனி மாற்றிய கதை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. வாயில் எதையாவது அரைத்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் விழுங்கிவிடுங்கள். இது தீனிக் கதை, பாதியில் புரையேறினால் நான் பொறுப்பில்லை.

ஒரு காட்டில் ஒரு செக்போஸ்ட் இருந்தது. காட்டுக்கு எதற்குச் செக்போஸ்ட்? பக்கத்துக் காட்டில் இருந்தது, அதனால் சிங்கராஜா இங்கேயும் ஒன்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். காவலுக்கு டவுனிலிருந்து செவலை என்ற நாயை வேலைக்கு எடுத்தார். சம்பளம் மாசம் ஒரு பை உலர்தீனி. புளியங்கொட்டை அளவில் மொறுமொறுவென்று இருக்கும். பைமேல் ஒரு கோழிப்படம். நரி நாகரத்தினத்தின் கடைச் சரக்கு.

முதல் வருஷம் செவலை நக்கின நக்கில் கிண்ணத்தில் முகம் தெரிந்தது. ஆறாவது வருஷம் கிண்ணத்தைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது. கொட்டாவிக்குப் பின்னால் தூக்கம். தூங்குகிற நாய் எங்கே குரைக்கும்? ஒருநாள் பட்டப்பகலில் ஒரு பெருச்சாளி ராஜாவின் இலவம்பஞ்சு மெத்தையை அதன் மூக்குக்கு முன்னாலேயே உருட்டிக்கொண்டு போனது. செவலை காலை மடக்கி வழிவிட்டுவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

ராஜா கூப்பிட்டு அனுப்பினார்.

"அமாவாசை வரைக்கும் பார்ப்பேன். மெத்தை வரலைன்னா நீ டவுனுக்கு நடையைக் கட்டு. உன் இடத்துக்குக் காட்டுப்பூனையைப் போட்டுக்குறேன்."

செவலை டவுனை நினைத்துப் பார்த்தது. டவுனில் தெருவுக்கு முப்பது நாய், குப்பைத்தொட்டி ஒன்றே ஒன்று. செவலையைவிட அதிகமாகப் பயந்தது செங்கமலம் என்ற கோழி. செக்போஸ்ட் கூரைதான் அது அடைகிற இடம். காட்டுப்பூனை வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாள் சாப்பாடே அதுதான்.

"எழுந்திரு தம்பி, வைத்தியரைப் பார்ப்போம்" என்று செவலையைக் கிளப்பிக்கொண்டு போனது.

மந்தி வைத்தியர் செவலையின் நாக்கை இழுத்துப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்லை. நாக்குக்குத்தான் சலிப்பு. ஆறு வருஷமா ஒரே பையா? மாசத்துக்கு ஒரு பை மாத்து. ஆனா சட்டுனு மாத்தாதே, வயிறு கோவிச்சுக்கும். முதல் நாள் பழசு ஆறு பிடி, புதுசு ஒரு பிடி. ரெண்டாம் நாள் அஞ்சுக்கு ரெண்டு. அப்படியே போய் ஏழாம் நாள் கிண்ணம் முழுக்கப் புதுசு."

நாகரத்தினம் கடையில் ஆட்டுப்படம் போட்ட பையும் இருந்தது, மீன்படம் போட்ட பையும் இருந்தது. "ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வா, தரேன்" என்று சொல்லிவிட்டு, தன் முகம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற கடைக் காலண்டர் ஒன்றையும் இனாமாகக் கொடுத்தது.

ஆபீசில் ஆனைமுத்து என்ற யானைதான் எல்லாம். வரிசையில் இருபது ஆமைகள். அந்த வரிசை எப்படி நகர்ந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. கடைசியாக ஆனைமுத்து ஒரு படிவத்தை நீட்டியது.

"தீனி மாற்றப் படிவம், மூணு பக்கம். பையில யார் படமோ, அவங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டு வா."

"என்னைத் தின்னா எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எவன்யா எழுதிக் கொடுப்பான்?" என்றது செங்கமலம்.

ஆனைமுத்து பழைய கட்டு ஒன்றைத் தூசிதட்டிப் பிரித்தது. "ஏன், ஆறு வருஷத்துக்கு முன்னால நீங்க கொடுத்திருக்கீங்களே."

பார்த்தால் கோழிக்கால் கீறல். அன்றைக்கு யாரோ அந்தக் காகிதத்தைத் தரையில் போட்டிருக்கிறார்கள். தரையில் எது கிடந்தாலும் கோழிக்குக் கிளறாமல் இருக்க முடியுமா?

"ஐயோ, இது கையெழுத்தில்லை. நான் புழு தேடினது!"

"இந்த ஆபீஸ்ல எல்லாருமே எதையாவது தேடித்தாம்மா கையெழுத்துப் போடுறாங்க" என்று ஆனைமுத்து கட்டை மூடிவிட்டது.

செவலை படிவத்தைக் கவ்விக்கொண்டு வெள்ளாட்டிடம் போனது. வெள்ளாடு நிதானமாக முதல் பக்கத்தை முடித்தது, ரெண்டாம் பக்கத்தை முடித்தது, மூணாம் பக்கத்தையும் முடித்து ஏப்பம் விட்டது.

"எதுவும் ஆட்சேபணை உண்டுங்களா?"

"மூணாம் பக்கத்துல உப்பு கொஞ்சம் கம்மி."

இன்னொரு படிவம் வாங்கிக் குளத்து விராலிடம் போனால், அது வாங்கின கையோடு தண்ணிக்குள் இழுத்துக்கொண்டது. "இரு, ஊறட்டும், படிச்சுச் சொல்றேன்." மை கரைந்து குளமே நீலமானது.

அமாவாசைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. செவலை கிண்ணத்துக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுப் படுத்துக்கொண்டது. "டவுன்ல எனக்கு எந்தத் தெரு கிடைக்கும்க்கா? பிரியாணிக் கடை இருக்கிற தெருவா இருந்தாக்கூடப் பரவாயில்லை."

செங்கமலம் யோசனையோடு, சிந்திக்கிடந்த தீனியில் ஒன்றைக் கொத்தியது. நின்றது. இன்னொன்றைக் கொத்தியது.

"தம்பி, இதுல என் சொந்தக்காரங்க யாருமே இல்லை. மக்காச்சோளம். கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு."

ஓடிப்போய்க் கடைவாசலில் ஆட்டுப்பையடியில் சிந்தினதையும் மீன்பையடியில் சிந்தினதையும் கொத்திவிட்டு வந்தது. "எல்லாம் ஒரே மாவுதான்டா. படம்தான் வேற."

"போக்கா. ஆறு வருஷமா கோழி வாடை அடிச்சுதே."

"நான் உன் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தா வேற எந்த வாடை அடிக்கும்?"

இந்த இடத்தில் வேறு கோழியாக இருந்தால் நேரே ராஜாவிடம் போய் மோசடியைச் சொல்லி நியாயம் கேட்டிருக்கும். செங்கமலமும் நியாயமான கோழிதான். ஆனால் உயிர்மேல் ஆசை உள்ளது. அது பையிலிருந்து பாதித் தீனியை ஒரு வெறும்பையில் கொட்டியது. காலண்டரில் சிரித்துக்கொண்டிருந்த நாகரத்தினத்தைக் கிழித்து, சோத்துப்பசை தடவி, பைமேல் ஒட்டியது. புதுப் படிவத்தைத் தரையில் போட்டு நன்றாகக் கிளறியது.

ஆனைமுத்து அதைப் பழைய கட்டோடு வைத்து மேலும் கீழும் பார்த்தது. "கையெழுத்து ஆபீஸ் பதிவோட அச்சா ஒத்துப்போகுது" என்று சீல் குத்திவிட்டது.

முதல் நாள் பழசு ஆறு பிடி, நரி ஒரு பிடி. செவலை மென்றது. வால் தானாக ஆடியது.

"மக்காச்சோளம்தானே தம்பி?"

"இல்லக்கா. இதுல ஒரு திருட்டு ருசி இருக்கு."

அன்றைக்குக் கடைப்பக்கம் போனபோது செவலை நாகரத்தினத்தை மேலும் கீழும் பார்த்தது. நாக்கு ஒருதரம் வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது.

"என்னப்பா அப்படிப் பார்க்கிறே?"

"ஒண்ணுமில்லை முதலாளி. இன்னிக்கு ஒரு பிடிதான்."

மூணாம் நாள் மூணு பிடி. அன்றைக்குச் செவலையின் கண் நாகரத்தினத்தின் தொடையை விட்டு நகரவே இல்லை. அஞ்சாம் நாள் நரிக்குப் பொறுக்காமல் செக்போஸ்டுக்கே வந்தது. பைமேல் தன் முகம் சிரிப்பதைப் பார்த்ததும் காது ரெண்டும் படுத்துக்கொண்டது.

"டேய், இது என் படம்டா!"

"ஆமா முதலாளி. ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துக்கூடப் போட்டிருக்கீங்க. ரொம்பப் பெரிய மனசு."

"இதுல நரியே இல்லடா! நான் விக்கிறது எல்லாமே வெறும் மக்காச்சோளம்! சத்தியமா!"

செவலை இரக்கத்தோடு பார்த்தது. "இந்த அக்காவும் அதையேதான் சொல்லுது. என் நாக்குக்குத் தெரியாதா முதலாளி? இன்னும் ரெண்டே நாள். அப்புறம் கிண்ணம் முழுக்க நீங்கதான்."

ஆறாம் நாள் விடிந்ததும் நாகரத்தினம் கடையைக் காலி செய்துகொண்டு, முதுகில் ஒரு பெரிய சுருட்டலைக் கட்டிக்கொண்டு, செக்போஸ்ட் பக்கம் பதுங்கிப் பதுங்கி வந்தது. அது வருமுன்னே வாடை வந்துவிட்டது. செவலை குரைத்தது பாருங்கள், ஆறு வருஷத்துக் குரைப்பும் ஒரே மூச்சில்! பாய்ந்த பாய்ச்சலில் கயிறு அறுந்து சுருட்டல் விழுந்தது. நரி செக்போஸ்ட் கம்பைத் தாண்டி ஓடியதுதான், இன்றுவரை திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு ராஜாவும் ஆனைமுத்துவும் வந்தார்கள். சுருட்டலைப் பிரித்தால் இலவம்பஞ்சு மெத்தை! பெருச்சாளி திருடியதை நரிதான் வாங்கி வைத்திருந்திருக்கிறது. ராஜா அங்கேயே விரித்துச் சாய்ந்துகொண்டார்.

"உன் வேலை உனக்குத்தான்டா. ஆமா, அப்படி என்னத்தைத் தின்னே?"

"மாத்தித் தின்னேன் ராஜா."

செங்கமலம் பையைக் காட்டியது. "இந்த மாசத்துக்கு இது போதும் ராஜா. அடுத்த மாசத்துக்குத்தான் ஒரு படம் தேடிக்கிட்டிருக்கோம்."

ராஜாவின் முகம் சிவந்தது. "தேடுறீங்களா? என் காட்டுல ஒரு பை போகுது, அதுல என் படம் இல்லையா? யாரைக் கேட்டு நரி படம் போட்டீங்க? அடுத்த மாசத்திலேருந்து நான்தான். பெருசா, கலர்ல!"

"உங்க சித்தம் ராஜா. ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்து மட்டும்..." என்று செங்கமலம் படிவத்தை நீட்டியது. ராஜா ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டார். அந்த ஆபீஸ் கட்டில் ஏறிய முதல் அசல் கையெழுத்து அதுதான்.

ஆனைமுத்து தும்பிக்கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தது. ராஜா பிடரியைக் கோதிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிரிக்கணுமா?"

"லேசா சிரிங்க ராஜா, போதும்."

செவலை ராஜாவை மேலும் கீழும் பார்த்தது. நாக்கு ஒருதரம் வெளியே வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது.

செங்கமலம் சோத்துப்பசையைக் கிண்ட ஆரம்பித்தது.

நீதி: உங்களைப் போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னால், அதை எந்தப் பையில் ஒட்டப்போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சிரியுங்கள். ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது என்றால், ஏழாம் நாளுக்கு முன்னால் ஊரைக் காலி செய்துவிடுங்கள்.